வெறுப்புக்கு மாமா சொன்ன பொருள்

மாமா பைபிள் படிக்கப் போனது மதம் மாறுவதற்கு அல்ல என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேவாலயத்தின் மாடியறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. பைபிள் எழுதப்பட்ட காலத்தில், அந்த நாட்டு ஜனங்கள் எந்தச் சொல்லை என்ன பொருளில் பேசினார்கள் என்று பார்த்துப் பார்த்துப் படிப்பார்களாம். மாமா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருவார்.

வந்ததும் எனக்குப் பாடம் நடக்கும். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் கல்யாணம் நாள் கணக்கில் நடக்கும், விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் வைப்பார்கள் என்பார். எனக்குப் பத்து வயது, வாயைப் பிளந்து கேட்பேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இயேசு நடமாடிய கலிலேயாவில் எப்போது மழை பெய்யும் என்று தெரிந்தவருக்கு, எங்கள் வீட்டுக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லையே என்பது அம்மாவின் குறை.

அம்மாவின் அப்பாவான தாத்தாவும் எங்களோடுதான் இருந்தார். லோரி ஓட்டி ஓய்ந்தவர். மாமா அவருக்கு ஒரே மகன். படிப்புதானே என்று அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்திங்கிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர்தான், இப்படியே போனால் உனக்குக் கொள்ளி வைக்க ஆள் இருக்காது என்று வாயை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தாத்தா சாப்பாட்டைப் பிசைந்தபடியே யோசித்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமா மேசைமேல் வைத்திருந்த பைபிளைத் தாத்தா புரட்டினார். பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவர் அவர். மாமா சாப்பிடக் கை கழுவிவிட்டு வந்தபோது தாத்தா ஒரு பக்கத்தில் விரலை ஊன்றியிருந்தார். இயேசுவின் பின்னால் வருகிறவன் தகப்பனையும் தாயையும் வெறுக்க வேண்டும் என்று அங்கே இருந்தது.

“அப்பன வெறுக்கணும்னு போட்டிருக்கே. நீயும் அப்படித்தானாய்யா?”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. முந்தின வாரம்தான் அதைப் படித்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அந்த ஜனங்களின் பேச்சில் வெறுப்பது என்றால் பகைப்பது இல்லையாம். ஒன்றை முன்னே வைத்து மற்றதைப் பின்னே வைப்பதாம். இரண்டு மனைவிக்காரன் ஒருத்தியை வெறுத்தான் என்று எழுதியிருந்தால், அவள்மேல் பிரியம் கொஞ்சம் கம்மி என்றுதான் அர்த்தமாம். அம்மா கண்ணைக் காட்டினாள், மாமா கவனிக்கவில்லை. ரசம் ஆறிப்போகும்வரை விளக்கினார். இப்போது நினைத்தால், எழுந்துபோய் அவர் வாயைப் பொத்தலாம் போலிருக்கிறது. அன்றைக்கோ, மாமா ஜெயித்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

தாத்தா “சரிய்யா” என்று சொல்லிவிட்டுச் சோற்றில் தண்ணீரை ஊற்றி எழுந்துவிட்டார்.

கோபம் வந்தால், நீ எனக்குப் பிள்ளையே இல்லை என்று மாமாவைத் திட்டுவது தாத்தாவின் வழக்கம். அதற்கு யாரும் வகுப்பு வைத்து அர்த்தம் சொன்னதில்லை. மறுநாள் காலையில் மாமாவுக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்து வைத்திருப்பார்.

அன்று சாயங்காலம், தாத்தாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அதெல்லாம் அப்போதே விளங்கிவிட்டது, உன் மாமா நன்றாகத்தான் படிக்கிறான் என்றார். பிறகு ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல லா. நீ போய்ப் படிம்மா.”

அடுத்த தீபாவளிக்கு முன்பே தாத்தா போய்ச் சேர்ந்தார். மாமாவை யாரும் வற்புறுத்தவில்லை. அவரே மொட்டையடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு குடம் சுமந்து, கொள்ளியும் வைத்தார். பந்திங்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்தபின் மாமா அம்மாவின் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதார்.

“நான் செய்யாம வேற யாரு செய்வா அக்கா? அப்பா ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“கேட்டாரேடா” என்றாள் அம்மா.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். தாத்தா எப்போது கேட்டார் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்து அவர் மாமாவிடம் கேட்டது பைபிளைப் பற்றி மட்டும்தான்.