பெட்ரோல் சொன்ன சாட்சி

எங்கள் வீட்டில் அந்தச் சண்டையை ஆரம்பித்து வைத்தது நான்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "அப்பா வண்டிக்கு இந்த வாரம் ரெண்டாந்தடவை பெட்ரோல் போட்டாச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

"ரெண்டாந்தடவையா? அவர் போறது கோவிலுக்கும் கறிகாய்க் கடைக்குமாக்கும். அதுக்கு இத்தனை பெட்ரோலா?"

அப்பா தலை நிமிரவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கேள்விக்குப் பின்னால் ஒரு பாலம் இருந்தது. அப்பா வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி வழியாகப் பாலத்தைத் தாண்டித் தினமும் போய்வந்த அதே மோட்டார் சைக்கிளைத்தான் இன்னமும் ஓட்டுகிறார். போன வருஷம் ஒருநாள் அந்தப் பாலத்தின் மேல் தலை சுற்றி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், சரியாகிவிட்டது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா சொல்லவில்லை. இனிமேல் பாலத்தைத் தாண்டுவதில்லை என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது பெட்ரோல் அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டதாக அவள் முடிவு கட்டினாள்.

"நிஜத்தைச் சொல்லுங்கோ. தேவரா போனேளா? தீவுக்குப் போனேளா?"

"பாலத்தண்டை கூடப் போகலை."

"அப்போ பெட்ரோல் ஆவியாப் போச்சோ?"

அப்பா கை கழுவ எழுந்து போனார். மறுநாள் காலையில் சாவி ஆணியில் இல்லை. கோவிலுக்கு அப்பா நடந்தே போனார். திரும்பி வந்தவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பக்கம் புரளவே இல்லை. வண்டி போனால் தன் ஆண்மையே போய்விட்டதாக நினைக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் யாருக்கும் சொல்லாமல் எங்கேயாவது போய் ஒரு சாயா குடித்துவிட்டு வருவது அவருக்கு மூச்சு மாதிரி. அந்த ஒரு மணி நேரம் அன்றோடு போயிற்று.

அப்பா பொய் சொல்கிறாரா இல்லையா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அவர் சொல்வது நிஜமானால் பெட்ரோல் எங்கே போகிறது? எனக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. குழாய் சொட்டினால் மற்றவர்கள் வாஷரை மாற்றுவார்கள். நான், சொட்டு ஏன் சரியாக ஒரே இடத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் அம்மா வந்து வாஷரை மாற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை, சோதனைக்கு என்று அம்மாவிடம் கேட்டுச் சாவியை வாங்கினேன். உளுந்து டப்பாவின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வளையத்தில் நாலு உளுந்தும் சேர்ந்து வந்தது. பெட்ரோல் பங்கில் டாங்கை விளிம்பு வரை நிரப்பி, பாலம் தாண்டித் தேவரா வரை போய்த் திரும்பி வந்து, அதே பங்கில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி விளிம்பு வரை நிரப்பச் சொன்னேன். பெட்ரோல் போடுகிறவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மீட்டரைப் பார்த்து நான் ஆடிப்போனேன். சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, கிட்டத்தட்ட ஒரு காருக்கு உரிய அளவைக் குடித்திருந்தது. போதாக்குறைக்குப் பின்னால் நீலப் புகை.

வீட்டுக்கு ஓடிவந்து, "குடிக்கிறது வண்டிதான், அப்பா இல்லை" என்றேன்.

"நீ எப்பவும் அவர் கட்சி" என்று அம்மா சாவியைத் திரும்ப வாங்கி உளுந்துக்குள் புதைத்தாள்.

தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப் உண்டு. அங்கே போய்ச் சொன்னேன். மெக்கானிக் வண்டியைக் கொண்டுவரச் சொல்லக்கூட இல்லை. நான் சொன்ன புகையையும், என்ஜின் ஓரத்தில் கசிகிற ஆயிலையும் கேட்டுவிட்டு, "வயசாயில்லே சேட்டா. இனி அது கொடுத்து களஞ்ஞோ" என்றார். என்ஜினைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. இருக்கலாம். ஆனால் போன மாதம் வரை நன்றாக இருந்த வண்டிக்கு இந்த மாதம் திடீரென்று வயது வந்துவிடுமா? அது எனக்கு ஒத்துவரவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம் கெஞ்சி மறுபடி சாவியை வாங்கி, வண்டியை முற்றத்தில் நடு ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு பழைய மிளகுச் சாக்கை விரித்துப் படுத்து, என்ஜினை ஓடவிட்டு அடியில் எட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. என்ஜினிலிருந்து விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் கீழ்நோக்கித் தொங்கியது. அதன் நுனியில் ஏதோ நீலமாகப் புடைப்பதும் அடங்குவதுமாக இருந்தது, கத்துகிற தவளையின் தொண்டை போல. கை வைத்துப் பார்த்தேன். பால் கவர். நன்றாகக் கழுவி, நாலாக மடித்து, குழாயின் வாயை மூடி, ரப்பர் பேண்டைச் சுற்றி, அதற்கு மேல் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

அந்தச் சணல் முடிச்சை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

வேலியேற்றம் என்று இங்கே சொல்வார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் காயல் தண்ணீர் எங்கள் சந்துக்குள் ஏறி வந்துவிடும். வாசல் வழியாக மட்டும் வந்தால் பரவாயில்லை. குளியலறை ஓட்டை, அடுக்களைச் சாக்கடை, துவைக்கிற கல்லடி என்று தரையில் வாய் திறந்திருக்கிற அத்தனை துவாரத்திலும் உப்புத் தண்ணீர் கீழிருந்து கொப்பளிக்கும். அதனால் தண்ணீர் ஏறுகிற நாளில் அம்மா துணிப் பந்து, பால் கவர், சணல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு வாயாக அடைப்பாள். இந்தத் தடவை முற்றத்தில் நின்ற வண்டியின் அடியிலும் ஒரு வாய் திறந்து தொங்குவது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. மற்ற அடைப்புகளைத் தண்ணீர் வடிந்ததும் எடுத்துவிட்டாள். குனிந்தால்தான் தெரிகிற இதை மறந்துவிட்டாள்.

கயிற்றை அறுத்து ரப்பர் பேண்டை உருவினேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. மோர் போல வெள்ளையாக ஏதோ என் கன்னத்தில் தெறித்தது. அடுத்த கணமே என்ஜினின் முக்கல் நின்று சத்தம் லேசாயிற்று.

அந்த வெள்ளை என்ன என்று கண்டுபிடிக்க அன்று பாதி நாளைச் செலவு பண்ணினேன். என்ஜினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது அடியில் இருக்கிற காற்று எங்கேயாவது போயாக வேண்டும். எரிந்த புகையும் கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றி அங்கே நழுவி வந்துவிடும், கூடவே நீராவியும். அதெல்லாம் வெளியேறத்தான் அந்தக் குழாய். அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டியே இறங்கும். ஆயில் போக வழியில்லாமல் மேலே ஏறி எரிந்து புகையும், கீழே சந்து பொந்திலெல்லாம் கசியும். இருக்கிற பெட்ரோல் இந்த மல்லுக்கட்டுக்கே சரியாகப் போய்விடும். ஈரமும் வெளியே போகாமல் ஆயிலோடு கலந்து கடைந்தால் கிடைப்பதுதான் என் கன்னத்தில் பட்ட மோர். அப்பா மாதிரி பக்கத்திலேயே போய்வருகிறவர்களின் வண்டி முழுக்கச் சூடாவதில்லை, அதனால் அதில் இந்த மோர் சீக்கிரம் சேரும் என்றும் தெரிந்துகொண்டேன். ஆஹா, அப்பா தூரம் போகவில்லை என்பதற்கு இதுவே சாட்சி என்று துள்ளினேன். குழாய் அடைத்திருந்தால் தூரம் போனாலும் ஈரம் உள்ளேதான் இருந்திருக்கும் என்று கொஞ்ச நேரத்தில் எனக்கே உறைத்தது. துள்ளல் அடங்கியது.

குழாயைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, கரி படிந்த ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்து, கெட்டுப்போன ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினேன். மறுபடி அதே பங்க், அதே தேவரா, அதே விளிம்பு. பழைய மைலேஜ் வந்துவிட்டது. பங்குக்காரன் இந்தத் தடவை சிரித்தேவிட்டான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா சாவியை வாங்கி வழக்கம்போல் உளுந்துக்குள் புதைத்துவிட்டு வந்ததும், பால் கவரையும் சணலையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் சணலை எடுத்துப் பார்த்தாள்.

"தண்ணி உள்ள கேறிப்போயிடுமேன்னு கட்டினேன்" என்றாள். "அதுக்கென்ன இப்போ?"

"குக்கர் வெயிட்டைக் கையால அமுக்கிப் பிடிச்சா என்ன ஆகும்?"

"வெடிக்கும்." சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள். பெட்ரோல் எங்கே போயிற்று என்று இனி நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுக்களைக்குள் போய் உளுந்து டப்பாவைக் கவிழ்த்துச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பருக்கு முன்னால் சாவியை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்" என்றார் அப்பா.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கண்டுபிடித்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன்.

அப்பா பேப்பரை இறக்கினார். "பெட்ரோல் சொன்னா நம்பற. பால் கவர் சொன்னா நம்பற. இத்தனை வருஷமாக் கூட இருக்கறவன் சொன்னா நம்பலை. நாளைக்கு கார்புரேட்டர் ஏதாவது சொல்லும். அதுக்கும் நான் சாவியைக் குடுக்கணுமா?"

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

"நம்பலைன்னு இல்லை" என்றாள். "அன்னிக்குப் பாலத்துலேர்ந்து யாரோ உங்க போன்லேர்ந்து எனக்கு விளிச்சு, உங்க பேரைச் சொல்லி, இவர் உங்களுக்கு யாருன்னு கேட்டா. அந்த ஒரு நிமிஷம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் நீங்க எதைச் சொன்னாலும் நம்பறதுக்கு பயமா இருக்கு."

அப்படி ஒருவர் போனில் கூப்பிட்ட விஷயமே எனக்குத் தெரியாது. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியாது என்று தோன்றியது. பேப்பரை மடித்தார், தேவைக்கு அதிகமான தடவை மடித்தார். சாவியை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, ஆத்துல இன்னொரு ஹெல்மெட் இருக்கோ? அம்மா தலைக்குச் சரியா வருமா?"