ஏரிக்கடியில் ஒரு கறுப்புக் கோடு

அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை மறைத்து எழுத எனக்கு வராது.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, அட்டை போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை எனக்கு. ஜன்னலோரம் இரண்டு கணினிகள். ஒன்றில் நான், இருபத்திரண்டு வருடமாக. இன்னொன்றில் அவள், ஒன்பது வருடமாக. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அவள் ‘அக்கா’. நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் குடைச்சல்.

எங்கள் மேஜைக்கு வராத விஷயம் கிடையாது. காலையில் மண்புழுவின் குடல். அது முடியுமுன்னே சிறைக்கைதிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். மத்தியானம் பாலத்துக் கான்கிரீட்டில் விழும் விரிசல். சாயங்காலம், திக்கிப் பேசும் பிள்ளைகள் பாடும்போது மட்டும் திக்காதது ஏன் என்று முந்நூறு பக்கம். ஒருத்தர் செய்வது இன்னொருத்தருக்குத் தெரியாது. மண்புழு ஆராய்ச்சிக்காரர் வரிசையில் நின்றபடி, முன்னால் நிற்கிற கடிதக்காரரைக் காட்டி, "இதுக்கெல்லாமா பட்டம் குடுக்கிறாங்க?" என்று என் காதைக் கடிப்பார். அவர் நகர்ந்ததும் கடிதக்காரர் வந்து மண்புழுவைப் பற்றி அதையே கேட்பார்.

எனக்கு எல்லாம் ஒன்றுதான். நான் படிக்க மாட்டேன். கண் பார்க்கும், விரல் அடிக்கும். படித்தால் வேகம் போய்விடும். இந்தத் தெருவில் என் வேகத்துக்கு ஆள் கிடையாது, அதில் எனக்குக் கர்வமும் உண்டு. குடைச்சல் நாலு வரி அடிப்பாள், நிறுத்துவாள். "தம்பி, மண்புழுவுக்குக் காது இல்லைங்கிறீங்க. அப்புறம் சத்தம் கேட்டா சுருங்குதுங்கிறீங்க. அதெப்படி?" அந்தத் தம்பி தலையைச் சொறிவான். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவான். என் பக்கத்தில் ஈ கூட உட்காராது.

ஒருத்தி அடித்ததை மற்றவள் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பிழை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கடை வழக்கம். நேரம் மிச்சமாகட்டும் என்று நான் பழைய ஆய்வேட்டின் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே புதியதை அடிப்பேன். ஒருமுறை பசுக்களின் மடிநோய் பற்றிய ஆய்வேட்டில், பக்கத்துக்குப் பக்கம் உச்சியில் ‘மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்’ என்றே நின்றுவிட்டது. கண்டுபிடித்தது அவள்தான்.

"மாடு அப்பீலுக்குப் போயிருக்கு போல" என்றாள். கடையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டிவைத்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பெண் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் ஒரே மகள் ஆறு வருடமாக ஏரிச் சேற்றை ஆராய்கிறாள். நீளக் குழாயை ஏரியடியில் இறக்கி, சேற்றைக் கலையாமல் எடுத்து, எந்த அடுக்கு எந்தக் காலத்தில் படிந்தது என்று பார்ப்பாள். அதில் ஓரிடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. எப்படி வந்தது என்று பிடிபடவில்லை. "காரணம் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கைடு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பும் வீண்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தாள். நான் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைத்தேன். அவள் நேராகப் போய்க் குடைச்சலின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் வாசலுக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். "ஏண்டி, பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். உனக்கு அவதான் கெடச்சாளா?"

"கோவிச்சுக்காதம்மா. நீ குடுத்ததை அப்படியே அடிச்சுக் குடுத்துடுவ. அவங்க கேள்வி கேப்பாங்க. எனக்கு இப்ப அதான் வேணும்."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை நான் காதைத் தீட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தேன். "இந்தக் கோடு எந்த வருஷத்துது?" என்று கேட்டாள் குடைச்சல். எழுபது வருடத்துக்கு முந்தியது, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம் என்றாள் மகள். குடைச்சலின் விரல்கள் நின்றன. எழுந்து, கடைப்பிரதிகள் இருக்கும் அலமாரியைத் துழாவி, வரலாற்றுத் துறை ஆய்வேடு ஒன்றை எடுத்து வந்தாள். தீயணைப்பு நிலையங்களின் பழைய குறிப்பேடுகள் பற்றியது.

"இங்க பாரும்மா. அந்த வருஷத்துலதான் ஏரிக்கரையில இருந்த சணல் ஆலை பத்தொம்பது நாள் எரிஞ்சிருக்கு. அணைக்க அடிச்ச தண்ணியெல்லாம் ஏரிக்கே திரும்பி ஓடியிருக்கு. இரு, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை வெச்சு ஒருத்தர் செஞ்சதும் இங்கதான் இருக்கு. அதே வருஷம் மூச்சிழுப்பு நோய்க்காரங்க மூணு மடங்கு."

மகள் போட்ட சத்தத்தில் அட்டை போடுகிறவர் பசைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். இரண்டு புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு கைடைப் பார்க்க ஓடினாள்.

அவள் போனபின் நான் பழைய வேலைப் பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு ஆய்வேடுகளையும் தட்டச்சு செய்தது நான். குடைச்சல் பிழை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் பத்தொன்பது நாள் தீயும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. எனக்கு ஒரு வரி நினைவில்லை.

மறுநாள் மகள் வந்து, எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். கைடு கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

"அக்கா எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. ஆலை எரிஞ்ச கரியெல்லாம் ஏரிக்குள்ளதான் போயிருக்கும்னு, அதை அடிக்கும்போதே நீ சொன்னியாமே! நீ சொன்னதாலதான் அவங்களுக்கே ஞாபகம் இருந்துச்சாம். நீ படிக்காமலே அடிக்கிறேன்னு இத்தனை நாள் நெனச்சுட்டேனே. மன்னிச்சிடும்மா."

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. மகளின் தோளுக்கு மேலாகக் குடைச்சலைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டாளி! அறிவுதான் அவளுக்கு என்றால், இந்தக் குணமும் அவளுக்கேதானா வாய்க்க வேண்டும்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அதுல என்னடி இருக்கு" என்றேன்.

மகள் ஒரு தாளை நீட்டினாள். நன்றிப் பக்கம். "இதை மட்டும் நீதான் அடிக்கணும்." முதல் வரியிலேயே, ‘இந்த ஆய்வின் விடையை எனக்கு முன்பே கண்டுகொண்ட என் அம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தாள். அடுத்து கைடு. அப்புறம் துறை, நண்பர்கள், படகோட்டி. பதினோராவது வரியில், பிழை திருத்தி உதவிய அக்கா.

அன்றுதான் நான் அடிப்பதைப் படித்தேன். அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அடித்து முடித்து அவளிடம் நீட்டினேன். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, முதல் வரியிலிருந்து மெதுவாக மூலத்தோடு ஒப்பிட்டாள். பதினோராவது வரியில் ஒரு காற்புள்ளி போட்டாள். கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு, அச்சுக்குக் குடுத்துடுங்க" என்றாள்.

கொடுத்துவிட்டேன்.