மொட்டைத் தலையும் காவல் நாயும்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் திருட்டுப் போனதும், என் அகத்துக்காரர் ஓர் அல்சேஷன் நாயை வாங்கி வந்தார். "புது ஆளு ஒருத்தனையும் உள்ள வுடாதும்மா" என்று விற்றவர் சொன்னபோது எனக்குப் பெருமைதான். அதற்கு ராஜா என்று பெயர் வைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து, நான்கு வயது மகளுக்குத் திருப்பதியில் முடியிறக்கி, தலை நிறையச் சந்தனத்தோடு அழைத்து வந்தோம். ஜட்காவிலிருந்து இறங்கியதும் அவள் உள்ளே ஓடினாள். நாய் பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு அவளைச் சுவரோரம் மடக்கிவிட்டது.

"அசையாம நில்லுடி கண்ணா!" என்று கத்தினேன்.

"ராஜா, நான்தாண்டா" என்று அவள் விசும்பினாள். அந்தக் குரலைக் கேட்டபிறகே அது காதை மடித்து, அவள் பாதத்தை நக்கியது.

மறுநாளே அதை ஒரு கிடங்குக் காவலுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது வீட்டில் இருப்பது திருடனுக்கும் வாலாட்டும் சடைநாய். வாசல் கதவை நானே தாழ் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறேன்.