கரி காரில் நான் ஏற்றிவிட்ட கண்ணாடி

நாடு விடுதலை அடைந்த மறு வருஷம், வைகாசிக் கடைசி. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. நாகர்கோவிலில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். பெயருக்குத்தான் ஃபிட்டர். ஸ்பானர் பிடித்ததைவிட வாய் பேசியதுதான் அதிகம். பழைய கார் பார்க்க யாராவது வந்தால் முதலாளி என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் இல்லையா, நானும் அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் விற்றது கரி கார். இன்றைக்கு உள்ளவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு வந்த கட்டுப்பாடு அப்போதும் முழுசாகத் தீரவில்லை. கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். அதனால் காரின் பின்பக்கம் பெரிய இரும்பு உருளை ஒன்றைப் பொருத்துவோம். அதற்குள் கரியைக் கொட்டிப் பற்றவைத்தால், அதிலிருந்து வருகிற வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய் வண்டியை ஓட்டும். காலையில் கிளப்புவதற்குக் கால் மணி நேரம் விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திச் சாம்பலைத் தட்டி, மறுபடியும் கரி போட வேண்டும். ஏற்றம் வந்தால் முக்கி முனகும்.

இவ்வளவு இருந்தும் சாதாரண ஜனங்களுக்கு அதன் மேல் ஓர் ஆசை இருந்தது. பெட்ரோல் கார் பெரிய மனுஷர்களுக்கு உரியது. கரி கார் அப்படியா? தென்னை நிற்கிற வீட்டில் தேங்காய்ச் சிரட்டைக்கு என்ன பஞ்சம்? அதைச் சுட்டுக் கரியாக்கிக்கொண்டால் யார் தயவும் வேண்டாம், எந்த ஆபீஸ் வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டாம். இதைத்தான் நான் ஆளுக்குத் தக்கபடி சொல்லுவேன். பொய்யும் இல்லை. நல்ல வண்டிதான் அது.

ஆனால் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. வண்டி ஓடுகிறவரைக்கும் வாயுவை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டால், உருளைக்குள் தீ மட்டும் கனன்றுகொண்டிருக்கும். வாயு போக்கிடம் இல்லாமல் மூடி இடுக்கு வழியே கசிந்து, பின் சீட்டு இடைவெளி வழியாகக் காருக்குள்ளும் வரும். அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் அவ்வளவாகத் தெரியாது. அடைத்த இடத்தில் அதைச் சுவாசித்தால் ஆள் அப்படியே தூங்கிப்போவான், எழுந்திருக்க மாட்டான். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒருவர் மழைக்காக ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்து மயங்கி விழுந்தார். வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தார். அன்றைக்கே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் வண்டி பாக்க வாறவங்ககிட்ட சொல்லிக்கிட்டு நிக்கப்பிடாது, கேட்டியா. அரண்டு போயிருவானுவ" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த வைகாசியில்தான் ஒரு நெல் விவசாயி வந்தார். நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கிராமம். பெரிய பண்ணை ஒன்றுமில்லை, சொந்தமாகக் கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னை. கார் வாங்குகிற ஆளாகவே தெரியவில்லை. பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் வந்தது. அவருக்கு ஒரே மகள், பத்து வயது. சின்னதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உள்ள படிப்பு முடிந்துவிட்டது. படிப்பில் கெட்டிக்காரி. நாகர்கோவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பஸ் நெரிசலில் பிள்ளையால் ஏற முடியாது. மாட்டு வண்டியில் போனால் போக வர நாள் முழுக்கச் சரியாகிவிடும்.

"மாடு மாதிரி தீனி போட்டா ஓடும்னு சொன்னாங்க. அதான் பாக்க வந்தேன்" என்றார்.

எனக்குக் கேட்கவா வேண்டும். கரி, சிரட்டை, கூப்பன் என்று அரைமணி நேரம் அளந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனுஷர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேற ஆபத்து ஒண்ணும் இல்லையே தம்பி? பிள்ள போகப்போற வண்டி."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அடுப்பு கெடக்குத வீட்டுல நாம தூங்கலியா அண்ணாச்சி? அதே கததான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். அன்றைக்கு எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மண்டைக்காட்டுக் கோவிலில் மகளுக்காக நேர்ந்துகொண்ட ஒரு நேர்ச்சை இருந்தது, அதையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. நான் ஓட்ட, அவர் முன்னால் என் பக்கத்தில். அவர் மனைவியும் மகளும் பின்னால். போகும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். வழியில் தெரிந்த மாட்டு வண்டியை எல்லாம் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே வந்தாள். எத்தனை வண்டியை முந்தினோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமாம். சேரவே இல்லை, அதற்குள் சொல்ல ஆளும் தேடிவிட்டாள்.

திரும்பும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. "ஏத்தம் ஏறுமா இது? முட்டம் பக்கம் போயி பாத்துருவோமா?" என்றார். சரி என்று கடியப்பட்டணம் வழியாகத் திருப்பினேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஏற்றத்துக்கு முன்னால் தீ நன்றாக இருக்க வேண்டும் என்பதால், கடற்கரையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்திச் சாம்பல் தட்டிக் கரி போட்டேன். போடுவதற்குள் மழை வலுத்துவிட்டது. அவசரத்தில் மூடியை ஒழுங்காக முறுக்கினேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அப்போதுதான் வலையும் கூடையுமாகப் பக்கத்தில் மீன் ஏலம் முடிந்திருந்தது. அவர்கள் சைவக் குடும்பம். அந்த அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "தல வலிக்கு, இந்த நாத்தம் தாங்க முடியல்ல" என்றார்கள். தலைவலி என்றதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மரியாதையான வீட்டுப் பெண்கள் சந்தைக் கூட்டத்தில் இறங்கி நிற்கவும் மாட்டார்கள்.

"மதினி, கண்ணாடிய நல்லா ஏத்திக்கிடுங்க. மீன் வாடை உள்ள வராது. நாங்க ஒரு சாயா குடிச்சிட்டு ஓடி வந்துருதோம்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? இடுக்கில்லாமல் நாலு கண்ணாடியையும் நானே ஏற்றிவிட்டேன்.

எதிர்ச் சாயாக்கடையில் உட்கார்ந்தோம். மழை நிற்கட்டும் என்று இரண்டாவது சாயாவும் சொன்னேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். வண்டி ஓட்ட அவரே படித்துக்கொள்வாராம். காலையில் பிள்ளையைக் கொண்டு விட்டுவிட்டு, வயல் வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்ப வருவாராம். "வெள்ளிக்கிழம நல்ல நாளு. அன்னைக்கே எடுத்துக்கிடுதேன்" என்றார். எனக்கு மனசுக்குள் கொண்டாட்டம்.

அப்போது கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தால் ஒரு மீன்காரப் பெண் கையில் கல்லோடு கார் பக்கத்தில் நிற்கிறாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மழையில் ஓடினேன். "ஏட்டி, என்ன காரியம் செஞ்சே? யாருக்க வண்டின்னு நெனச்சே?" என்று கத்தினேன். என் அம்மா வயது அவளுக்கு. இருந்தும் 'ஏட்டி' என்றுதான் வாயில் வந்தது.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடைந்த கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். "கண்ணாடி கெடக்கட்டும். உள்ள கெடக்குத சீவன பாருலே" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். தாயின் தலை சீட்டில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பிள்ளை அவர் மடியில் வாய் திறந்தபடி கிடந்தாள். தூங்குகிற பிள்ளை மாதிரிதான் இருந்தது, முகம்கூட நல்ல சிவப்பாக இருந்தது.

என் பின்னாலேயே ஓடி வந்த தகப்பனார் "மக்கா, மக்கா" என்று பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அலறினார். மீன்காரப் பெண் பிள்ளையை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, மழையிலேயே மணலில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கூடி நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் மாறுங்க, பிள்ளைக்கு காத்து வரட்டும்" என்றாள். உள்ளங்காலைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். நானும் சாயாக்கடைக்காரரும் சேர்ந்து தாயை வெளியே தூக்கி வந்தோம். அவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே முனகல் வந்துவிட்டது. பிள்ளைக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் மணலில் முழங்காலிட்டு, எனக்குத் தெரிந்த சாமி பெயர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிள்ளை ஒரு தடவை குமட்டி வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தைப்போல இனிமையானது எதையும் நான் பிறகு கேட்டதில்லை.

மழைக்கு ஒதுங்க காரின் ஓரமாக வந்து நின்றாளாம் அந்தப் பெண். உள்ளே பிள்ளையைப் பார்த்து விளையாட்டுக் காட்டியிருக்கிறாள். பிள்ளை அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினாளாம், தாயும் அசையவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்ததால் கல்லை எடுத்தாளாம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. கரி, வாயு ஒன்றும் தெரியாது. கண்ணாடி கிழித்து அவள் கையில் ரத்தம் ஓடியது. அதைத் துணியால் சுற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் மூவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்கள். 'ஏட்டி' என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற வாய் அது.

பக்கத்தில் சர்ச் வாசலில் பிள்ளையைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வில்வண்டி ஒன்றுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"தம்பி, இப்பிடி ஆகும்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளியும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் சத்தமே போடாமல் சொன்னார்: "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, நிறுத்துன ஒடனே ரெண்டு பேரையும் எறக்கி விட்டுருப்பேன். வண்டியையும் வாங்கியிருப்பேன். தீ சுடும்னு தெரிஞ்சுதான வீட்டுல அடுப்பு பத்த வைக்கோம்? இப்பம் என்னால வண்டியையும் நம்ப முடியல்ல, ஒன்னையும் நம்ப முடியல்ல."

வில்வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். நான் உடைந்த கண்ணாடியோடு காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பினேன். முட்டம் ஏற்றத்தை வண்டி நன்றாகவே ஏறியது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு யார் வண்டி பார்க்க வந்தாலும், கரி காரின் ஆபத்தைத்தான் முதலில் சொன்னேன். நிறுத்தினால் எல்லாரும் இறங்க வேண்டும், கண்ணாடியை ஏற்றவே கூடாது என்று. முதலாளி பல்லைக் கடித்தார். சிலர் பயந்து போனது உண்மை. ஆனால் சிலர் "பொறவு? வேற என்னெல்லாம் பாக்கணும்?" என்று உட்கார்ந்து கேட்டு, வாங்கிக்கொண்டும் போனார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாதாரண ஆள் பயந்துவிடுவான் என்று நினைத்து மறைத்தது, அவனுக்கு மூளை இல்லை என்று நான் நினைத்ததால்தான். சில வருஷத்தில் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கி, அந்த இரும்பு உருளைகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. பிறகு ரேடியோ விற்றேன், பம்பு செட்டு விற்றேன். எதை விற்றாலும் அதே பழக்கம்தான்.

அந்த விவசாயி வேறு கார் வாங்கவில்லை. அந்த அம்மா கதவு அடைக்கிற வண்டி எதிலும் பிள்ளையை ஏற்ற விடவில்லை என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் அனுப்பவில்லை, மறு வருஷமும் அனுப்பவில்லை. அதற்கு மேல் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளை உயிர் பிழைத்ததே பெரிது என்று கேட்டவர்கள் எல்லாரும் என்னைத் தேற்றியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பஸ் நிற்கும்போதெல்லாம், உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் இந்த வாசலுக்குள் போயிருப்பாளே என்று இப்போதும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.