கம்பு பிடித்த வாகினாக்

எரெவானில் சதுரங்கம் ஆடத் தெரியாத ஆண் பிள்ளை கிடையாது என்று நாற்பத்தைந்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் பல் வைத்தியன். வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் கிடப்பவன்கூடக் கையை ஆட்டி ஆட்டி, குதிரையை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருவான். அப்படிப்பட்ட ஊர்.

வாகினாக் தோனோயான் தெருவிளக்குகளுக்குப் பல்பு மாற்றுகிறவர். இருபது வருஷமாக நீளக் கம்பும் கையுமாக எங்கள் தெருவில் போவார், வருவார். யாரும் நின்று பேசியதில்லை. விளக்கு எரியாவிட்டால்தான் அவர் ஞாபகம் வரும், அதுவும் திட்டுவதற்கு.

அறுபத்து மூன்றாம் வருஷம் நம் ஆள் ஒருவர் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காக மாஸ்கோவில் ஆடினார். இங்கே ஓபரா கட்டடத்துக்கு வெளியே இரண்டு ஆள் உயரத்தில் சதுரங்கப் பலகை நிறுத்தினார்கள். மாஸ்கோவிலிருந்து ஒவ்வொரு நகர்வும் தொலைபேசியில் வரும். அருஸ்யாக் என்ற பெண் அதைக் கேட்டு ஜன்னல் வழியாகக் கத்துவாள். கீழே ஒருவர் கம்பால் காயைக் கொக்கியிலிருந்து எடுத்து வேறு கட்டத்தில் மாட்ட வேண்டும். அந்த வேலைக்கு நான் மனு போட்டேன். நகரப் போட்டியில் நான்காவதாக வந்தவன் நான். கமிட்டிக்காரர்கள் வாகினாக்கைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கம்பு பிடிக்க வருமாம்.

அவருக்கு ஆடத் தெரியாது. இது அவர் மனைவி சிரானுஷைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டங்களின் எழுத்தையும் எண்ணையும் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் ஒப்பித்துப் பாடம் செய்துகொண்டு வந்துவிட்டார். மூவாயிரம் பேர் அவர் கையையே பார்த்தோம். காயைத் தூக்கினால் மூச்சை அடக்கினோம், மாட்டினால் விட்டோம். வாழ்க்கையில் முதல்முறையாக வழியில் போகிறவர்கள் அவருக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள். பட்டப் போட்டி முடிகிறவரை கம்பு தன் கையில் இருந்தால் போதும் என்று அவர் சிரானுஷிடம் சொன்னாராம்.

“வாகோ அண்ணே, நிலைமை எப்படி இருக்கு?” என்று முன்வரிசையிலிருந்து கேட்பார்கள்.

“பொறுத்துப் பாருங்க” என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். நிறைகுடம் தளும்பாது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

கடைசி வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் எதிராளி ஒரு சிப்பாயை ஒரே தாவாக இரண்டு கட்டம் தள்ளினார். அடுத்து அருஸ்யாக் கத்தினாள்: “நம்ம சிப்பாய் வெட்டுது! டி மூணு!”

வாகினாக் டி மூன்றைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு கட்டம் தாவி வந்த சிப்பாயை, அது தாண்டிய கட்டத்தில் போய் நின்று வெட்டலாம் என்பது ஆட்டத்தில் ஒரு விதி. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அவர் நம் சிப்பாயை டி மூன்றில் மாட்டிவிட்டு நின்றார். வெட்டுப்பட்டது பக்கத்தில் அப்படியே தொங்கியது.

“எடுங்க! எடுங்க!” என்று கூட்டம் கத்தியது.

அவர் திரும்பினார். “எதை?”

சூரியகாந்தி விதை கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

நான் அந்த வேளைக்காகத்தான் மடக்கு நாற்காலியில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன் போல. “யோவ், உனக்கு ஆடவே தெரியாதா?” என்று எழுந்து கேட்டேன்.

“தெரியாது டாக்டர்” என்றார். முகம் வெளுத்துப்போய், கம்பை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். வெட்டுப்பட்ட சிப்பாயைக் கொக்கியிலிருந்து தூக்கப் போனேன். கம்பு ஆடியது. நுனி எங்கோ போய் இடித்தது. நம் ராஜா கழன்று, தலைகீழாக வந்து என் காலடியில் விழுந்தார்.

ராஜாவைச் சாய்த்தால் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

“பாவி! நம்ம ராஜாவையே தள்ளிட்டானே!”

“இவன்கிட்ட பல்லைக் காட்டினவன் எவனாவது உயிரோட இருக்கானா?”

“கம்பு சரியில்லை” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சிரித்தவர்களில் என் நோயாளிகள் பதினோரு பேர்.

வாகினாக் நகரப் பார்த்தார். ரொட்டிக்கடை ஹய்ராபெத் வழியை மறித்தான். “எங்க போறீங்க அண்ணே? இந்த ஊர்ல நம்ம ஆளுக்கு யோசனை சொல்லாத ஒரே மனுஷன் நீங்கதான். பிடிங்க கம்பை. டாக்டர், கொடுத்துட்டு உக்காருய்யா.”

கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ராஜா ஒரே வீச்சில் தன் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து வெட்டுப்பட்டதை எடுக்க வேண்டுமென்றால் மூவாயிரம் பேரும் கட்டத்தின் பெயரைச் சேர்ந்து சொன்னோம்.

கடைசி ஆட்டம் வெற்றி தோல்வியின்றிச் சமனில் முடிந்தாலே நம் ஆளுக்குப் பட்டம். சிரானுஷும் வந்திருந்தாள். பத்தாவது நகர்வுக்குப் பிறகு ஜன்னலில் சத்தமே இல்லை. வாகினாக் ஜன்னலடிக்குப் போனார். அருஸ்யாக் வெளியே குனிந்து ஏதோ சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குக் கத்தக் குரல் வரவில்லை.

கூட்டம் அதையும் அலசியது. யானையைப் பலி கொடுக்கப் போகிறார் என்றான் ஒருவன். நான் நாற்காலி மேல் ஏறி நின்று, இந்த நிலையிலிருந்து நாம் தோற்கப்போகும் விதத்தைப் படிப்படியாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

வாகினாக் திரும்பி வந்தார். சொன்னதை மாட்டப் பலகையில் கட்டம் இல்லை. கம்பைப் பலகையில் சாய்த்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“இறங்குங்க டாக்டர்” என்றார். “சமன்ல முடிஞ்சுபோச்சாம். நாம ஜெயிச்சுட்டோமாம்.”

இறங்கினேன். அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.