நல்லூரில் கேட்ட வெள்ளச் செய்தி

கோவையில் மூன்று நாள் கூட்டம் முடிந்து திரும்புகிறேன். எல்லை தாண்டி வரும் வெள்ளத்தைப் பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று எப்படி முன்கூட்டியே சொல்வது என்பதுதான் பேச்சு. மொழிபெயர்த்தே என் தொண்டை கட்டிவிட்டது. நல்லூரில் பஸ் பழுதாகி நிற்க, டீக்கடை பெஞ்சில் சாய்கிறேன்.

பக்கத்தில் பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தி இந்தியில் போனில் கெஞ்சுகிறாள்: "மாட்டை அவுத்துட்டுக் கரைமேட்டுக்குப் போம்மா."

அவள் பீகாரிலிருந்து வந்து ஆறு வருஷமாகிறதாம். தமிழ் இந்த ஊர்த் தமிழாகவே இருக்கிறது.

"அக்கா நேபாளத்துல இருக்குதுங்க. அங்க ஆறு ஏறுனா அடுத்து எங்கம்மா ஊருக்குத்தானுங்க வரும். அதுனால எனக்குச் சொல்லும். நான் அம்மாவுக்குச் சொல்லுவனுங்க."

"அக்காவே அம்மாவிடம் சொல்லலாமே?"

"பேச்சில்லீங்க. ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிச்சு."

ஒருவருக்கொருவர் நேராகச் சொல்ல நாடுகள் கூட்டத்தில் காட்டிய தயக்கங்கள் நினைவுக்கு வருகின்றன.

டீ ஆறுவதற்குள் அவள் போன் மறுபடி அடிக்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"அம்மா மேட்டுக்கு வந்துருச்சுங்க. அக்கா ஊட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சான்னு கேக்குதுங்க."

அக்காவின் நம்பரைத் தேடுகிறாள்.