முப்பது அடி, நாலு தரம்

கலியாணம் முடிந்து பதினோராம் நாள் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்தப் பதினொரு நாளில் பாதி, கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளுக்கும் போயிற்று. மிச்ச நாள்களில் நான் அவரைப் பற்றிக் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: கத்தரிக்காய் தொடமாட்டார். சரியான கூச்சக்காரர். கைலேஞ்சியை நாலாக மடித்துத்தான் சட்டைப்பையில் வைப்பார்.

இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நான் கொழும்புக்கு விசா நேர்முகத்துக்குப் போகவேண்டியிருந்தது. கலியாணம் உண்மையா, விசாவுக்காகச் சோடித்ததா என்று அங்கே துருவித் துருவிக் கேட்பார்கள் என்று எங்கள் ஊர் கரவெட்டி முழுக்கக் கதை. புருசன் காலையில் என்ன சாப்பிடுவார் என்ற கேள்விக்கு முழுசிக்கொண்டு நின்ற ஒருத்தியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்களுடைய கலியாணப் படங்களிலோ இரண்டு பேரும் பல்லுப் பிடுங்கப் போகிறவர்களைப்போல நின்றோம். உள்ளதைச் சொன்னால், இது மெய்யான கலியாணம்தானா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கேட்டேன். ஒரு பத்திரிகைப் படத்தை வெட்டிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருந்தார். தலையில் இரும்புத்தொப்பி மாதிரி ஒன்று, தோளில் மூட்டை மூட்டையாக ஏதோ. இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் குவிந்து கிடந்தார்கள். கீழே, 'இதுதான் எங்கடை நகரத்து அணி. ஞாயிற்றுக்கிழமை எண்டால் எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்' என்று எழுதியிருந்தார்.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "உவர் சண்டைக்கே போறவர்?" என்றார்.

"பாக்கிறவர் மட்டும்தான் அம்மா. உது அமெரிக்கன் புட்போல்."

"புட்போலை ஏன் உவங்கள் கையிலை வைச்சிருக்கிறாங்கள்?"

நியாயமான கேள்வி. புட்போல் எங்களுக்குத் தெரியாத சங்கதியா? வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு மாட்ச் என்றால் மரக்கிளைகளில்கூட இடம் கிடைக்காது. இது அந்தப் புட்போல் இல்லை. விளக்கமாக எழுதும்படி உடனே கடிதம் போட்டேன். நேர்முகத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது வந்தது பதில். நீலநிறக் கடிதத்தாளின் ஓரம்வரை பொடி எழுத்து, நடுவில் கோடுகள், அம்புக்குறிகள். பதினொரு நாளில் என்னோடு பேசியதைவிட அந்த ஒரு தாளில் கூடப் பேசியிருந்தார். குளிரில் நின்று செய்யும் வேலையும் தனி அறையும்கூட ஓரத்தில் ஒரு வரியில் வந்துபோயின.

என் தங்கச்சி அப்போது உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். எங்களூர்ப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் அதைச் சோதனைக்குரிய பாடமாக்காவிட்டால் நித்திரை வராது. கடிதத்தை ஒரு கொப்பியில் தலைப்புப் போட்டுப் பிரித்து எழுதினாள். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு தரம் வாய்ப்பு. பந்தோடு ஓடுகிறவரை மற்ற அணி பிடித்து விழுத்தினால் ஒரு தரம் முடிந்தது. அந்த நாலு தரத்துக்குள் முப்பது அடி முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு தரம். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி, கம்பங்களுக்கு நடுவால் உதைத்தால் மூன்று. பிறகு மாதிரி வினாத்தாள் தயாரித்து என்னை இருத்தி எழுதவைத்தாள். நூற்றுக்கு எண்பத்திரண்டு எடுத்தேன். ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. நாலு அடி ஓடுவதும் விழுவதும் எழும்பி நிற்பதும், இதைப் பார்க்க ஒரு மனிதர் சாப்பாட்டை மறந்து இருப்பாரா?

"விளையாடிப் பாத்தால்தான் சரி," என்றாள் தங்கச்சி.

வெங்காயம் கிண்டிய தோட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவளோடு ரியூசனுக்குப் போகும் நாலு பிள்ளைகள் வந்தார்கள். கயிறால் முப்பது அடி அளந்து சாம்பலால் கோடு போட்டோம். பந்துக்குத்தான் வழியில்லை. படத்தில் இருந்தது இரண்டு பக்கமும் கூரான பந்து. கடைசியில் வேலியோரத்து மரத்தில் ஒரு பப்பாக்காய் அகப்பட்டது. அளவும் வடிவும் அச்சொட்டு.

முதல் நாள் ஒரே குழப்பம். பிடிபட்ட பிறகும் ஓடினார்கள், பந்து இல்லாதவளையும் போட்டு விழுத்தினார்கள். ஒருதரம் ஆமியின் ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் இரைந்துகொண்டு வந்தது. "உதைக் கீழை போடுங்கோடி, குண்டு எண்டு நினைக்கப் போறாங்கள்!" என்று அம்மா கிணற்றடியிலிருந்து கத்த, நாங்கள் பப்பாக்காயைப் போட்டுவிட்டு வாழைகளுக்குள் ஓடினோம்.

ஹெலி போனபின் அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "உது கிளித்தட்டுத்தானே? கோட்டைக் கடக்க விடாமல் மறிக்கிறது. தொட்டால் காணாது, விழுத்தவேணும். அவ்வளவுதானே? நான் மறிக்கிறன், வாங்கோ பாப்பம்." கிளித்தட்டில் அம்மாவின் கோட்டை ஒருத்தரும் தாண்டியதில்லை என்று சித்தி சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நம்பினேன்.

முதல் தரம் பப்பாக்காய் கையிலிருந்து வழுக்கியது. இரண்டாம் தரம் பன்னிரண்டு அடி போனேன். மூன்றாம் தரம் ஒருத்தி காலைப் பிடித்து விழுத்தும்போது மொத்தம் இருபத்தெட்டு அடி. இன்னும் இரண்டே அடி!

"நாலாம் தரம் தூர உதைச்சுக் குடுத்திட வேணும், அக்கா. அப்பதான் அவை எங்கடை கோட்டுக்குத் தூரத்திலை இருந்து தொடங்குவினம். கொப்பியிலை அப்பிடித்தான் கிடக்கு," என்றாள் என் பக்கம் விளையாடிய தங்கச்சி.

"கொப்பியைத் தூக்கி அடுப்புக்கை போடு!" என்றேன். இரண்டு அடிக்காகப் பந்தைக் கொடுப்பதா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பப்பாக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து பாய்ந்தேன். அம்மா என் இடுப்பைப் பிடித்தார். இரண்டு பேரும் தொப்பென்று விழுந்தோம். பப்பாக்காய் எனக்குக் கீழே வெடித்துப் பால் வழிந்தது. தங்கச்சி கயிற்றைக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண்!

நான் கத்திய கத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். காய் வெடித்த பிறகுதான் கோட்டைத் தாண்டினது, அது செல்லாது என்று அம்மா நின்று வழக்காடினார். எனக்கோ கண்ணில் தண்ணீர். முப்பது அடி போனால் இன்னும் நாலு தரம் தருகிறார்கள்! என்ன அருமையான விளையாட்டு! அவர் ஏன் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறார் என்று அந்தப் புழுதிக்குள் கிடந்தபடியே எனக்கு விளங்கிவிட்டது. மண் ஒட்டின கையோடு உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதினேன். அதுவரை ஆடு குட்டி போட்டதையும் மழை பெய்ததையும்தான் அவருக்கு எழுதியிருந்தேன்.

கொழும்புக்கு என்னோடு அம்மா வந்தார். விசாக் கந்தோருக்குள் என்னை மட்டும்தான் விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்கும் கொழும்புப் பெண். கலியாணம் எங்கே, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனவர், திடீரென்று, கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வார் என்றார்.

"அமெரிக்கன் புட்போல் பார்ப்பார்."

அவர் பேனையை வைத்தார். அது என்ன விளையாட்டு என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். என்னுடைய ஆங்கிலம் நாலு வசனத்தோடு முடிந்துபோக, தமிழுக்குத் தாவினேன். மொழிபெயர்ப்புப் பெண், பாவம், தடுமாறினார். நான் பொறுக்கமாட்டாமல் மேசையில் கிடந்த பேனைகளைக் கோடாக அடுக்கி, என் பாஸ்போட்டைப் பந்தாக்கி, முதலாம் தரம், இரண்டாம் தரம் என்று நகர்த்திக் காட்டினேன். அதிகாரி கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

எந்த அணி என்று கேட்டார். சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மொழிபெயர்ப்புப் பெண்ணும் சிரித்துக்கொண்டே, "அது தோற்கிறதுக்கென்றே இருக்கிற அணியாம். வேறு நல்ல அணியாகப் பார்க்கும்படி உங்கள் கணவருக்குச் சொல்லச் சொல்கிறார்," என்றார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. விசாவும் மறந்துபோயிற்று, இருந்த இடமும் மறந்துபோயிற்று.

"என்ரை மனிசன் அந்தக் குளிருக்கை நிண்டு வேலை செய்யிறவர். வேலை முடிஞ்சு தனிய அறைக்கு வந்து, ஒரு மனுசர் கதைக்க இல்லாமல், அந்த ஒரு விளையாட்டைத்தான் பாக்கிறவர். தோத்தாலும் அடுத்த கிழமையும் பாப்பார். அந்த அணியை விட்டிட்டு வரச் சொல்ல இவர் ஆர்?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. "இதை அப்படியே சொல்லவா?" என்றார் மெதுவாக.

"அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னார். அதிகாரி வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் பைலை மூடினார். பின்னேரம் மூன்று மணிக்கு வந்து விசாவை எடுக்கலாம் என்றார் அந்தப் பெண்.

வெளியே வந்தேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்ன பிள்ளை, தந்தாங்களோ? என்ன கேட்டவை?"

விசா கிடைத்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. தெருவில் நின்று விம்மி விம்மி அழுதபடி சொன்னேன்:

"என்ரை மனிசனைப் பகிடி பண்ணினவர், அம்மா. நான் விடேல்லை."